குலவழியும் குடற்கிருமியும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது சங்கக் கூட்டங்களில் கல்வி, கைத்தொழில், விவாகச் செலவு முதலிய விஷயங்களைப் பற்றி அநேகர் பேசக் கேட்டிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயமோ சபையிற் பேசுவதற்குச் சிறிது கூச்சம் தருவது. பெருங்குடலிலும் மலக்குடலிலும் உண்டாகும் புற்றுநோயைக் குறித்தே சொல்லப் புகுகின்றோம். மலத்தைப் பற்றிப் பலர் முன் பேசுதல் மரியாதையன்று என்பது நம்மவர் வழக்கம். ஆனால் அந்தக் கூச்சத்தினாலேயே அநேகர் காலங் கடந்து வைத்தியரிடம் போய் உயிரிழந்திருக்கிறார்கள். ஆதலால் இன்று ஒரு மணி நேரமாவது அக்கூச்சத்தை வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்கும்படி உங்களை வேண்டிக்கொள்ளுகிறோம்.

உலக முழுவதிலும் 2022ஆம் ஆண்டில் ஏறக்குறைய 19 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டது; ஏறக்குறைய 9 லட்சம் பேர் இதனால் மாண்டனர். புற்றுநோயினால் நேரும் மரணங்களில் நுரையீரற் புற்றுக்கு அடுத்தபடி இதுவே நிற்கிறது. நமது தேசத்தில் மேல்நாடுகளைவிட இது குறைவென்பது ஆறுதலான செய்தியே. ஆயினும் குறைவு என்பதனால் நம் வீட்டுக்கு வாராது என்று எவரும் எண்ணியிருத்தல் தகாது.

இந்நோய் ஏன் வருகிறதென்று கேட்டால், நம்மவர் இரண்டு விதமாக விடை சொல்லுவதுண்டு. ஒரு சாரார், "அது அந்தக் குடும்பத்து வாகு, தலையெழுத்து" என்பர். மற்றொரு சாரார், "கண்டதைத் தின்றார், வயிறு கெட்டது" என்பர். இவ்விரண்டு சொல்லிலும் உண்மையில் ஒவ்வொரு பங்கு இருக்கிறது. பிறப்பினால் வருவதொன்று, குடலில் வாழும் கிருமிகளாலும் உணவாலும் வருவதொன்று. இவை இரண்டும் எவ்வாறு கைகோத்துக்கொள்ளுகின்றன, அவற்றுள் நாம் தடுக்கக் கூடியது எவ்வளவு என்பதே இப்பிரசங்கத்தின் பொருள்.

ஒரு தையற்காரியின் சொல்

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஆன் ஆர்பர் என்னும் ஊரில் ஒரு சர்வகலாசாலை உண்டு. 1895ஆம் ஆண்டில் அங்கே நோய்க்கூறு ஆராயும் வைத்தியராயிருந்தவர் ஆல்ட்ரெட் வார்தின் என்பவர். தையல் வேலை செய்து ஜீவித்துவந்த ஒரு பெண் வாட்டமுற்றிருப்பதைக் கண்டு அவர் காரணம் கேட்டார். தன் குடும்பத்தில் அநேகமாக எல்லோரும் குடலிலோ, வயிற்றிலோ, கர்ப்பப்பையிலோ புற்று வந்து மாண்டனரென்றும், தானும் அவ்வாறே இளமையில் மாள்வது நிச்சயமென்றும் அவள் சொன்னாள். அப்போது அவளிடத்தில் நோய்க்குறி ஒன்றும் காணப்படவில்லை. ஆயினும் அவள் சொன்னபடியே பின்னர் கர்ப்பப்பைப் புற்றினால் இளவயதிலேயே இறந்துபோனாள்.

ஏழைப் பெண்ணின் வீண் பயம் என்று வார்தின் அச்சொல்லைத் தள்ளிவிடவில்லை. ஜெர்மனி தேசத்திலிருந்து குடியேறிய அக்குடும்பத்தின் வம்சாவளியை ஒவ்வொருவராக விசாரித்து எழுதி, 1913ஆம் ஆண்டில் பிரசுரித்தார். குடும்பத்தின் பெயரை மறைத்து 'ஜி' குடும்பம் என்று குறித்தார். புற்றுநோய் குலவழியில் வருமென்பதை அக்காலத்து வைத்தியர்களுட் பெரும்பாலோர் நம்பவில்லை. ஒரே வீட்டிற் பலருக்கு வருவது தற்செயல் என்றே கருதினர்.

பின்னர் ஒமாஹா நகரில் ஹென்றி லிஞ்ச் என்னும் இளம் வைத்தியர் 1962ஆம் ஆண்டில் இதைப் போன்ற வேறொரு குடும்பத்தைக் கண்டார். அங்கே நோயாளி ஒருவர் மிகுந்த குடியினால் கெட்டிருந்தார். குடிப்பதற்குக் காரணம் கேட்டபோது, தம் குடும்பத்தில் எல்லோரும் புற்றினால் மாள்வதால் தாமும் அதனாலேயே மாள்வது உறுதியென்று சொன்னாராம். லிஞ்ச் இரண்டு குடும்பங்களின் வரலாற்றை 1966ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1971ஆம் ஆண்டில் வார்தினுடைய 'ஜி' குடும்பத்தையும் தேடிப் பிடித்து, அக்குடும்பத்தின் இரத்த சம்பந்தமானவர்களில் 650க்கு மேற்பட்டோரை விசாரித்தார். அவர்களுள் 95 பேருக்குப் புற்று கண்டிருந்தது. இவருக்கும் ஆதியில் ஆதரவளித்தோர் சிலரே. 1993ஆம் ஆண்டிலும் 1994ஆம் ஆண்டிலும் அதற்குரிய மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே உலகம் ஒப்புக்கொண்டது. இன்று அந்நிலைமைக்கு 'லிஞ்ச் நோய்த்தொகுதி' என்று பெயர். 'ஜி' குடும்பத்தாரிடம் உள்ள பழுது எம்.எஸ்.எச்.2 என்னும் மரபணுவில் இருப்பது 2000ஆம் ஆண்டில் நிச்சயிக்கப்பட்டது. தையற்காரியின் சொல்லுக்கு 105 ஆண்டுகள் சென்றபின் அத்தாட்சி கிடைத்தது.

ஏடு பெயர்த்தெழுதுதல்

மரபணுவின் பழுது என்பது யாது? நமது சரீரம் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் டி.என்.ஏ. என்னும் இழையில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள் கொண்ட ஒரு சாசனம் இருக்கிறது. குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் சில நாட்களுக்கொரு முறை உதிர்ந்து புதியன தோன்றுகின்றன. புதிதாகத் தோன்றும் போதெல்லாம் அச்சாசனம் முழுவதும் பெயர்த்தெழுதப்பட வேண்டும்.

நமது முன்னோர் ஓலை ஏடுகளைப் பெயர்த்தெழுதிய விதத்தை நினைத்துப் பாருங்கள். எழுதுகிறவர் எவ்வளவு தேர்ந்தவராயினும் ஓரிடத்தில் எழுத்து மாறும்; ஓரிடத்தில் ஒரு சொல் இருமுறை விழும். ஆதலால் மூல ஏட்டை வைத்துக்கொண்டு ஒப்புநோக்கித் திருத்துவதற்கு வேறொருவர் வேண்டும். சரீரத்தினுள்ளும் அத்தகைய ஒப்புநோக்குவோர் உண்டு. அவர்களை உண்டாக்கும் மரபணுக்களே எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1 முதலியன. ஒவ்வொன்றிலும் தாய் வழியாக ஒன்றும் தந்தை வழியாக ஒன்றுமாக நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. லிஞ்ச் நோய்த்தொகுதி உடையவர்களுக்கு அவற்றுள் ஒரு பிரதி பிறவியிலேயே பழுதுற்றது. மற்றொரு பிரதி நல்ல நிலையில் உள்ள வரையில் ஒப்புநோக்கும் வேலை நடந்துவரும். குடலில் ஏதேனும் ஓர் உயிரணுவில் அந்த இரண்டாவது பிரதியும் கெட்டுவிட்டால், அங்கே பிழைகள் திருத்துவாரின்றிக் குவிகின்றன. உயிரணுவின் வளர்ச்சியை அடக்கியாளும் பகுதியிற் பிழை விழும்போது அது கட்டுக்கடங்காமல் வளர்ந்து புற்றாகின்றது.

இதிலிருந்து மூன்று விஷயங்களை நீங்கள் மனத்திற் கொள்ளவேண்டும். முதலாவது, பிறப்பில் வருவது நோயன்று; நோய்க்கு இடங்கொடுக்கும் பலவீனம் மாத்திரமே. அமெரிக்கா போன்ற தேசங்களில் பொதுஜனங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேருக்கு ஆயுட்காலத்தில் குடற்புற்று வருமானால், இப்பழுதுகளுள் கொடியவற்றை உடையவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வருகிறது. மற்றப் பாதிப் பேர் அதே பழுதைச் சுமந்தும் குடற்புற்றின்றி வாழ்ந்து முடிக்கின்றனர். இரண்டாவது, பழுதுடைய பெற்றோரின் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்கும் வாராமைக்கும் சரிபாதி வாய்ப்பு உண்டு. வாராத பிள்ளையின் சந்ததிக்கு அவ்வழியில் அது வரவே வராது. மூன்றாவது, இது ஆண் வழி பெண் வழி என்று பார்ப்பதில்லை. நாம் வம்சாவளி எழுதும்போது மகன், பேரன் என்று எழுதிக்கொண்டு போய், மணமாகிப் போன பெண்களை விட்டுவிடுகிறோம். மரபணுவோ மகளோடும் புக்ககம் செல்லும்; மகள் வயிற்றுப் பேரனிடத்திலும் தங்கும். வைத்தியர் குடும்ப வரலாறு கேட்கும்போது தாய்வழிப் பாட்டனையும், அத்தையையும், சித்தியையும் சேர்த்துச் சொல்லுதல் அவசியம்.

இதனினும் அரிதான வேறொரு நிலைமையும் உண்டு. ஏ.பி.சி. என்னும் மரபணு பழுதுற்றவர்களுக்கு இளவயதிலேயே பெருங்குடலில் நூற்றுக்கணக்கான, சிலருக்கு ஆயிரக்கணக்கான, சிறு முளைகள் தோன்றும். முற்காப்பு ஒன்றும் செய்யாமல் விட்டால் அநேகமாக அனைவருக்கும் நடுவயதிற்குள் அவற்றில் ஏதேனும் ஒன்று புற்றாகிவிடும். இத்தகைய குடும்பங்களின் பதிவேடு ஒன்றை லண்டன் நகரத்து செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில் 1924ஆம் ஆண்டிலேயே தொடங்கினர். மரபணு இன்னதென்று கண்டுபிடித்தது 1991ஆம் ஆண்டில். மரபணுவைக் காண்பதற்கு 67 ஆண்டுகள் முன்னரே, வெறும் காகிதப் பதிவேட்டினால், அபாயத்திலிருந்த உறவினர்களை அழைத்துச் சோதிக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

குடலிற் குடியிருப்போர்

இனிக் கிருமிகளின் விஷயத்துக்கு வருவோம். கிருமி என்றவுடன் காலராவும் க்ஷயமும் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் நமது குடலிற் குடியிருக்கும் கிருமிகளுட் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. சில நன்மையே செய்பவை. ஒரு மனிதனிடத்தில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி கிருமிகள் வாழ்கின்றனவென்று 2016ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். அவனது உயிரணுக்களின் தொகையும் ஏறக்குறைய அவ்வளவே. இக்கிருமிகளில் மிகப் பெரும் பங்கு பெருங்குடலில் இருக்கிறது. குடற்சுவரின்மேல் வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று இருந்து, கிருமிகள் சுவரைத் தொடாதபடி மதில்போல் காக்கின்றது.

இவற்றுள் இ. கோலை என்பது 1885ஆம் ஆண்டில் தியோடர் எஷரிக் என்னும் வைத்தியர் குழந்தைகளின் மலத்திற் கண்டறிந்தது. அதில் பல வகைகள் உண்டு, பெரும்பாலானவை சாது. ஆனால் சில வகைகள் 'கோலிபாக்டின்' என்னும் விஷத்தைச் செய்யவல்லன என்பது 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவ்விஷம் உயிரணுவினுட் புகுந்து டி.என்.ஏ. இழையையே காயப்படுத்துகிறது. ஒப்புநோக்குவோர் இல்லாமல் எழுத்துப் பிழை சேருதல் ஒரு கேடு. வெளியிலிருந்து ஒருவன் எழுத்தாணியால் ஏட்டையே கீறுதல் மற்றொரு கேடு.

ஹாலந்து தேசத்தில் உட்ரெக்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், மனிதக் குடலுயிரணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் சிறு குடல்போல வளர்த்து, அக்கிருமியோடு 5 மாதம் பழகவிட்டனர். பின்னர் டி.என்.ஏ.யை வாசித்துப் பார்த்தபோது, அக்கீறல்கள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் இருந்தன. கைரேகையைப் போல அதனாலேயே அக்கிருமியை அடையாளங் காணலாம். அதே கைரேகை குடற்புற்று நோயாளிகள் சிலரின் கட்டிகளிலும் இருந்ததை 2020ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2025ஆம் ஆண்டில் 11 தேசங்களைச் சேர்ந்த 981 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தோர், 40 வயதுக்குள் நோய் கண்டவர்களிடத்தில் இக்கைரேகை, 70 வயதுக்கு மேல் நோய் கண்டவர்களைவிட 3.3 மடங்கு மிகுதியாகக் காணப்படுவதாக வெளியிட்டனர். குழந்தைப் பருவத்திலேயே இக்காயம் நேர்ந்திருக்கலாமென்பது அவர்கள் கருத்து. மேல்நாடுகள் பலவற்றில் இளவயதினரிடத்தில் இந்நோய் பெருகிவருவதற்கு இது ஒரு காரணமாயிருக்கக் கூடுமென்று சந்தேகிக்கின்றனர். இன்னும் முடிவாகச் சொல்லவில்லை.

இரண்டும் கூடுமிடம்

இனிப் பிறப்பும் கிருமியும் ஓரிடத்திற் கூடியதைச் சொல்லுகிறோம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த சிந்தியா ஸியர்ஸ் என்னும் அம்மையாரும் அவருடைய கூட்டத்தாரும், ஏ.பி.சி. மரபணுப் பழுதினால் குடலை அறுத்தெடுக்க நேர்ந்தவர்களின் குடல்களை ஆராய்ந்தனர். சுகதேகிகளின் குடலில் சளிப்படலம் மதில்போல் நிற்க, இவர்கள் குடலில் கிருமிகள் அம்மதிலுக்குள்ளே புகுந்து ஆங்காங்கே பாசிபோலப் படர்ந்திருந்தன. அப்பாசியில் முக்கியமாக இரண்டு கிருமிகள் காணப்பட்டன. ஒன்று மேலே சொன்ன கோலிபாக்டின் விஷத்தைச் செய்யும் இ. கோலை. மற்றொன்று பாக்டீராய்டிஸ் பிராஜிலிஸ் என்பதில் விஷமுள்ள வகை.

இவ்விரண்டையும் எலிகளின் குடலில் வைத்துச் சோதித்தபோது, தனித்தனியே இருந்ததைவிட இரண்டும் சேர்ந்திருந்த எலிகளுக்கே கட்டிகள் விரைவில் தோன்றின. அவையே மிகுதியாக மாண்டன. ஒரு கிருமி மதிலை அரிக்க, மற்றது உள்ளே புகுந்து ஏட்டைக் கீறுகிறதென்று இதை விளக்குகின்றனர். இவ்வாராய்ச்சி 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பிறவிப் பழுது ஒன்றே எல்லாவற்றையும் செய்கிறது என்று எண்ணியிருந்த நோயில்கூட, குடலிற் குடியிருப்போருக்கும் பங்கிருக்கக் கூடுமென்பது இதனால் விளங்குகிறது. பிறப்பை நாம் மாற்ற முடியாது. குடியிருப்போரின் நிலைமையையோ, நாம் இடும் உணவு ஓரளவு மாற்றுகின்றது.

உணவின் பங்கு

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லுவோம். அமெரிக்காவிலுள்ள கறுப்பு இனத்தாரிடத்தில் குடற்புற்று மிகுதி. தென்னாப்பிரிக்கக் கிராமவாசிகளிடத்தில் மிகக் குறைவு. அமெரிக்கப் பிட்ஸ்பர்க் நகரத்தவர் 20 பேரும், தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரம் உணவை மாற்றி உண்டனர். அமெரிக்கருக்கு நார்ச்சத்து நாளொன்றுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறியது. ஆப்பிரிக்கருக்கு 66 கிராமிலிருந்து 12 கிராமாக இறங்கியது. இரண்டே வாரத்தில் அமெரிக்கரின் குடற்சுவரில் அழற்சி தணிந்தது. ஆப்பிரிக்கருக்கோ அது மிகுந்தது. நார்ச்சத்தைக் கிருமிகள் புளிக்கவைத்து உண்டாக்கும் 'பியூட்டிரேட்' என்னும் அமிலம் அமெரிக்கருக்கு இரண்டரை மடங்காயிற்று; ஆப்பிரிக்கருக்குப் பாதியாகக் குறைந்தது. இவ்வமிலமே குடற்சுவரின் உயிரணுக்களுக்கு முக்கிய ஆகாரம். இம்முடிவு 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

நமது பாட்டிமார் கேழ்வரகும் கம்பும் சாமையும் பயறும் கீரையும் ஆக்கியிட்ட காலத்தில் இந்த அமிலத்தின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஆயினும் அந்த உணவில் நார் நிறைந்திருந்தது. இப்போது நன்கு தீட்டிய வெள்ளரிசியும் மைதாப் பலகாரமும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. மாமிசம் உண்போர் மற்றொன்றையும் அறியவேண்டும். உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய மாமிசம் குடற்புற்றை உண்டாக்குமென்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015ஆம் ஆண்டில் முடிவு கூறியது. நாள்தோறும் 50 கிராம் உண்பதனால் அபாயம் நூற்றுக்கு 18 பங்கு கூடுகிறது. புகையிலையும் மதுவும் தேகப் பருமனும் அபாயத்தைக் கூட்டுவன. தேகப் பயிற்சி குறைப்பது.

ஆனால் நல்லுணவு உண்டால் மட்டும் போதும், சோதனை வேண்டாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து ஜான் பர்ன் என்பவரின் தலைமையில், லிஞ்ச் பழுதுடையவர்களுக்கு எளிதிற் செரிக்காத ஒருவித மாப்பொருளை ஓரிரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்தனர். 2022ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, குடற்புற்று அதனாற் குறையவில்லை. அப்பழுதினால் வரும் ஏனைய புற்றுக்கள் ஏறக்குறையப் பாதியாயின. அதே ஆராய்ச்சியில் 861 பேரைப் பிரித்து, 427 பேருக்கு நாள்தோறும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தனர். 434 பேருக்கு வெறும் மாத்திரை கொடுத்தனர். 2020ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி ஆஸ்பிரின் உண்டவர்களில் 40 பேருக்கும் மற்றவர்களில் 58 பேருக்கும் குடற்புற்று கண்டது. ஆயினும் ஆஸ்பிரின் சிலருக்கு வயிற்றில் இரத்தம் கசியச் செய்யும். வைத்தியர் சொல்லாமல் ஒருவரும் இதை உண்ணலாகாது.

மறைப்பதனால் வரும் கேடு

அப்படியாயின் மிகப் பெரிய காப்பு யாது? காலத்திற் சோதித்தறிதலே. குடற்புற்று பெரும்பாலும் சிறு முளையாகத் தொடங்கிப் பல ஆண்டு சென்றே புற்றாகிறது. ஆசனவழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் குடலின் உட்புறத்தைப் பார்க்கும் 'கொலனோஸ்கோப்பி' என்னும் சோதனையில் அம்முளையைக் கண்டால் அப்பொழுதே நீக்கிவிடலாம்.

பின்லாந்து தேசத்தில் லிஞ்ச் பழுதுள்ள 22 குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரை 15 ஆண்டு கவனித்துவந்தனர். 133 பேர் மூன்று ஆண்டுகளுக்கொரு முறை இச்சோதனையைச் செய்துகொண்டனர். 119 பேர் வேண்டாமென்றனர். சோதித்துக்கொண்டவர்களில் 8 பேருக்கும், மறுத்தவர்களில் 19 பேருக்கும் குடற்புற்று வந்தது. மறுத்தவர்களில் 9 பேர் அதனால் மாண்டனர். சோதித்துக்கொண்டவர்களில் ஒருவரும் அதனால் மாளவில்லை. இரு சாராரும் அதே குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. ஒரே தலையெழுத்து என்று சொல்லத்தக்கவர்களுக்குள்ளே முடிவு இவ்வளவு வேறுபட்டது.

இவ்வளவு அறிந்தும் நம்மவர் செய்வது என்ன? பாட்டனார் எதனால் இறந்தார் என்று பேரன் கேட்டால், "வயிற்றுவலி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அத்தைக்குக் கர்ப்பப்பையில் நேர்ந்ததை அண்ணன் பிள்ளைகளுக்குச் சொல்லுவதில்லை. காரணம் வெளிப்படை. புற்றுள்ள குடும்பம் என்று பெயரெடுத்தால் பெண் கொடுக்கமாட்டார்கள், பெண் எடுக்கமாட்டார்கள் என்னும் அச்சமே. அச்சத்தினால் மறைக்கிறோம்; மறைப்பதனால் பிள்ளைகள் சோதனைக்குப் போவதில்லை; போகாமையினால் நாற்பது வயதில் ஒரு குடும்பத்தலைவரை இழக்கிறோம். பிறகு அதையும் மறைக்கிறோம்.

இவ்விஷயத்தில் நமது சமூகத்துக்குத் தனியாக ஒரு கவலையும் உண்டு. எம்.யூ.டி.வை.எச். என்னும் மரபணுவின் பழுதினாலும் குடலில் முளைகள் தோன்றிப் புற்றாகுமென்று 2002ஆம் ஆண்டில் வேல்ஸ் தேசத்துக் கார்டிப் நகரத்தார் கண்டறிந்தனர். இது தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மாத்திரமே இந்நோயை உண்டாக்குவது. அப்பொழுது பெற்றோர் இருவரும் சுகமாயிருக்கப் பிள்ளைகளுள் சிலருக்கு நோய் வரும். அக்காள் மகளையும், மாமன் மகளையும், அத்தை மகனையும் மணப்பது நம்மிடையே வழக்கமாதலால், ஒரே பாட்டனிடமிருந்த பழுது இரு வழியாகவும் வந்து ஒரு குழந்தையிடத்திற் கூடுவதற்கு இடம் மிகுதி. உறவு விவாகத்தை இன்று வாதிக்க நாம் இங்கு வரவில்லை. உறவில் மணம் பேசுவோர் தங்கள் குடும்பத்து நோய் வரலாற்றை முன்னதாகவே ஒரு வைத்தியரிடம் சொல்லி ஆலோசனை கேட்பது நலம் என்று மாத்திரம் சொல்லுகிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். பிறப்பில் வரும் பழுது என்ற சொல்லைக் கொண்டு ஒரு குடும்பத்தையோ குலத்தையோ இழித்துப் பேசுதல் கொடிய பாவம். அமெரிக்காவிலேயே வார்தின் ஆராய்ந்த காலத்தில் குலமேன்மைக் கொள்கை ஒன்று பரவியிருந்தது. அவரும் அதிற் பற்றுடையவரே. இண்டியானா மாகாணம் 1907ஆம் ஆண்டில், தாழ்ந்த பிறவி என்று கருதப்பட்டவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லாமற் செய்வதற்குச் சட்டமே இயற்றியது. அறிவு அங்ஙனம் அநீதிக்குத் துணைபோயிற்று. உண்மை யாதெனில், ஏறக்குறைய 280 பேரில் ஒருவரிடத்தில் லிஞ்ச் பழுதுகளுள் ஏதேனும் ஒன்று இருக்கிறதென்று மேல்நாட்டுக் கணக்கொன்று மதிப்பிடுகிறது. இன்ன சாதி, இன்ன இனம் என்று அது பார்ப்பதில்லை. குற்றமற்ற குலம் என்று ஒன்று உலகில் இல்லை. ஆகவே ஒரு வீட்டில் இந்நோய் இருக்கிறதென்று அறிந்து சம்பந்தத்தை முறிப்பவர், தம் வீட்டில் உள்ளது இன்னதென்று அறியாதவரே ஆவர்.

நாம் செய்யத்தக்கவை

ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு காகிதத்தில் மூன்று தலைமுறையை எழுதிவையுங்கள். ஆண், பெண், மணமாகிப் போனவர் அனைவரையும் சேர்த்து, யாருக்கு எந்த வயதில் எந்த உறுப்பிற் புற்று வந்தது என்று குறியுங்கள். அதைச் சங்கத்துக்குக் கொடுக்கவேண்டியதில்லை. மணம் பேசுவோருக்குக் காட்டவேண்டியதுமில்லை. வீட்டிலிருக்கட்டும், வைத்தியரிடம் போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.

நெருங்கிய உறவினர் பலருக்குக் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்திருந்தாலும், ஒருவருக்கே ஐம்பது வயதுக்குள் வந்திருந்தாலும், மரபணுச் சோதனை வேண்டுமா என்று வைத்தியரைக் கேளுங்கள். லிஞ்ச் பழுதுகளுள் கொடியவற்றை உடையவர்களுக்கு 20 அல்லது 25 வயதிலிருந்தே, ஓரிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை குடற்சோதனை செய்யும்படி வைத்திய சங்கங்கள் கூறுகின்றன. குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லையென்பதனால் மற்றவர்களுக்கு அபாயமே இல்லை என்பதாகாது. இந்நோய் கண்டவர்களிற் பெரும்பாலோர் இத்தகைய பழுது இல்லாதவர்களே. அமெரிக்காவில் எல்லோருக்கும் சோதனை தொடங்கும் வயதை 2021ஆம் ஆண்டில் 50லிருந்து 45 ஆகக் குறைத்தனர். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் உண்டா என்று பார்க்கும் எளிய சோதனையும் உண்டு.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று. மலத்தோடு இரத்தம் போனால், "மூலம்தான்" என்று நீங்களே முடிவு செய்துகொண்டு மாதக்கணக்கில் நாட்டு மருந்து உண்டு காலம் போக்காதீர்கள். அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதை வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். மலங்கழியும் வழக்கம் காரணமின்றி மாறி வாரக்கணக்கில் நீடித்தாலும், வயதான ஆடவருக்குக் காரணம் தெரியாத சோகை கண்டாலும் அவ்வாறே செய்க. தாய்மார்கள் இதை ஆடவரிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பதுண்டு. மருமகள் மாமியாரிடம் சொல்லலாம், மாமியார் மருமகளிடம் சொல்லலாம் என்னும் அன்பு வீட்டில் இருக்குமாயின், அதுவே பாதி வைத்தியம்.

'ஜி' குடும்பத்துப் பெண் தன் குடும்பத்தாரின் நோயை வாய்விட்டுச் சொன்னாள். அவள் காலத்தில் அதனால் அவளுக்குப் பயன் விளையவில்லை. ஆனால் அவள் சொன்ன அந்த வார்த்தையிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியினால் இன்று உலகெங்கும் அநேகர் பிழைத்திருக்கின்றனர். அவளுக்கு இல்லாத சோதனையும் சிகிச்சையும் நமக்கு உண்டு. அவளிடமிருந்த தைரியம் மாத்திரமே நாம் தேடிக்கொள்ள வேண்டியது. இன்றிரவு ஒவ்வொருவரும் வீட்டிற்குச் சென்று, பெரியோரை அருகிருத்தி, "நம் வீட்டில் யார் யார் எதனால் இறந்தார்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளும்படி பிரார்த்திக்கிறோம்.